எந்தச் சிப் நல்ல சிப்?

பள்ளித் தவணை தொடங்கும் வாரங்களில் என் கணினிக் கடைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது விலையை அல்ல. "இன்டெல்தானே அண்ணே?" என்று கேட்டு, மடிக்கணினியில் கைவைக்கும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நீலச் சீட்டை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. அண்மைக் காலமாக இன்னொன்றும் கேட்கிறார்கள். "ஆர்ம் சிப்பே வாங்கச் சொல்றான் மகன். பேட்டரி நாள் முழுக்க நிக்குமாமே?"

என் கடை இருக்கும் லாபிஸ் பெரிய பட்டணம் இல்லை. சிகாமட் மாவட்டத்தில் செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த ஊர். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. இங்கே ஒரு குடும்பம் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குகிறது என்றால், வீட்டில் ஒருவருடைய ஏறக்குறைய ஒரு மாத உழைப்பை அப்படியே எடுத்து மேசைமேல் வைக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு நான் வாய்க்கு வந்த பதிலைச் சொல்வதில்லை. சிப் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்த்து வாங்குவதால் நமக்கு ஒரு வெள்ளிகூட மிச்சமில்லை. போடும் வெள்ளிக்கு அந்தக் கணினி எத்தனை ஆண்டு உழைக்கும், இடையில் பழுதானால் எதை மாற்ற முடியும் என்று பார்த்தால்தான் மிச்சம். இதைத்தான் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். நாட்டுக்கும் இதே கணக்குதான் என்பதால் பத்திரிகையிலும் எழுதுகிறேன்.

குடும்பம் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். நாம் பயன்படுத்தும் எந்த மென்பொருளும் கடைசியில் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாறியாக வேண்டும். அந்தக் கட்டளைப் பட்டியல் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 சிப்பின் வாரிசுகள்தான் எக்ஸ்86 குடும்பம். ஏஎம்டி செய்யும் சிப்களும் அதே குடும்பம்தான். 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியில் அந்த வரிசையின் 8088 சிப்பை வைத்தது; அதன் பிறகு உலகத்து அலுவலகங்கள் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வந்து சேர்ந்தன.

ஆர்ம் பிறந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். ஏகோர்ன் என்ற நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்கப் போனார் ஃபர்பர். மீட்டர் பூச்சியம் காட்டியது. பார்த்தால், சிப்புக்கு மின்னிணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் உலகத்துக் கைப்பேசிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்குள்ளும் ஆர்ம் புகுந்ததற்கு அந்தச் சிக்கனமே வழி திறந்துவிட்டது. மூன்றாவது குடும்பமான ரிஸ்க்-ஃபைவ் 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் கட்டளைப் பட்டியலை யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் எடுத்தாளலாம்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, ஆர்ம் பிறவியிலேயே சிக்கனம், எக்ஸ்86 பிறவியிலேயே பெருந்தீனி என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து எமிலி பிளெம், ஜெய்கிருஷ்ணன் மேனன், கார்த்திகேயன் சங்கரலிங்கம் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்ம் சிப்களுக்கும் இன்டெல் சிப்களுக்கும் ஒரே வேலைகளைக் கொடுத்து வேகத்தையும் மின்செலவையும் அளந்தார்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது கட்டளைப் பட்டியலால் வந்ததில்லை. எந்த வேலைக்காக, எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒவ்வொரு சிப்பும் வடிவமைக்கப்பட்டதோ அதனால் வந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அந்த முடிவை அடுத்து வந்த ஆண்டுகளும் மெய்ப்பித்தன என்றே சொல்வேன். 2020 நவம்பரில் ஆப்பிள், ஆர்ம் குடும்பத்து எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. விசிறியே இல்லாத மேக்புக் ஏர், அதற்கு முந்தைய இன்டெல் மேக்புக்குகளை வேகத்தில் தாண்டிப் போனது. ஆர்ம் வென்றுவிட்டது என்று உலகமே சொன்னது. ஆனால் அந்த வெற்றிக்குள் தைவான் டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் ஆலை இருந்தது, 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன, சிப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டிய ரேம் இருந்தது. 2024இல் இன்டெல் தன் கோர் அல்ட்ரா 200வி வரிசையின் முதன்மைப் பகுதியை அதே டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்து, ரேமையும் சிப்போடு சேர்த்துக் கட்டியது. பேட்டரி ஆர்ம் மடிக்கணினிகளோடு போட்டிபோடும் அளவுக்கு நின்றது. கட்டளைப் பட்டியல் மட்டும் பழைய எக்ஸ்86தான்.

இவை எல்லாம் நான்காயிரம், ஐயாயிரம் வெள்ளிக் கணினிகள். எங்கள் ஊரில் கைமாறுபவை வேறு. என் மேசைக்கு அதிகம் வருவது செலரான் என்4020 போட்ட மடிக்கணினி. சின்னது, கனமில்லாதது, புதுசு, மேலே இன்டெல் சீட்டு. வாங்கி ஓராண்டு ஆகியிருக்கும். "ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுவருவார்கள். கீழ்மூடியைக் கழற்றினால் உள்ளே பாதி இடம் காலி. பச்சைப் பலகை ஒரு புத்தக அளவுகூட இருக்காது. 4 ஜிபி ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 64 ஜிபி சேமிப்பகமும் அப்படித்தான். வேறு ரேம் செருகலாம் என்றால் செருகும் இடமே கிடையாது. விண்டோஸ் தன் புதுப்பிப்பை இறக்கிவைக்கக்கூட அந்த 64 ஜிபியில் இடம் திணறும். நான் செய்யக்கூடியது, தேவையற்ற நிரல்களை நீக்கிக் கொடுப்பது மட்டும். இரண்டே கோர் உள்ள அந்தச் சிப் 6 வாட்டில் ஓடும். அதன் வேலை அவ்வளவுதான். அந்தக் கணினியின் ஆயுளை முடித்துவைப்பது சிப்பைவிட அந்தப் பற்றவைத்த ரேம்தான்.

அதே விலையில் பாதி கொடுத்தால், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி மேசைக் கணினிகள் கிடைக்கும். அவற்றில் நிறைய வருவது 2015இல் வெளிவந்த கோர் ஐ5-6500. நான்கு கோர். பொதுவான வேகச் சோதனைகளில் என்4020ஐவிட மூன்று மடங்குக்கும் மேல் மதிப்பெண் வாங்கும். ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம், மின்பெட்டி எரிந்தால் வேறு போடலாம். பத்து வயதான சிப், புதுக் கணினியின் சிப்பை மூன்று மடங்கு முந்துகிறது. இரண்டும் ஒரே இன்டெல், ஒரே எக்ஸ்86. சீட்டைத் தடவிப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. ஐ5-6500 ஆறாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வேகம்கூட இல்லாத செலரான் என்4020 பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்பு வசதிகளுக்காக இப்படி வைத்தோம் என்பது அவர்கள் விளக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஒரு பட்டியல் குப்பைக்கு அனுப்புகிறது, அந்தச் செலவு ஏழை வீட்டின்மேல் விழுகிறது என்பதும் உண்மை. வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் நீட்டிப்பும் ஓராண்டுக்குத்தான். எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினி கேட்கும் வீடுகளுக்கு இப்படிப்பட்ட பெட்டிகளில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டுக் கொடுக்கிறேன். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நாளாகும்.

"பழைய பெட்டி கரண்ட் தின்னுமே" என்பார்கள். நியாயமான கேள்வி. 2023இல் இன்டெல் என்100 என்றொரு சிப்பை வெளியிட்டது. கைக்குள் அடங்கும் மினி பிசிகளில் அதைத்தான் வைக்கிறார்கள். வேகம் ஏறக்குறைய ஐ5-6500 அளவு. ஆனால் இதன் மின்வரையறை 6 வாட், அதற்கு 65 வாட். எட்டு ஆண்டுகளில் தொழில்நுட்பம் ஓடிய தூரம் அது, மலைக்க வைக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக் கணினிக்கும் 40 வாட் வித்தியாசம் என்று தாராளமாகவே வைத்து, நாளுக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் ஓடினால் 10.4 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்றால் மாதம் ஐந்து வெள்ளிகூட இல்லை. வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் பாதிகூட கணினியைத் திறந்து வைத்திருக்க மாட்டான். கரண்டுக்குப் பயந்து நல்ல பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. புதிதாகவே வாங்குவதானால் என்100 மினி பிசி தாராளமாக வாங்கலாம். ஆனால் ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றி மாட்டக்கூடிய மாதிரியாகப் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிக்கிடக்கிறது. பழைய ரேமைக் கழற்றி வேறொன்றில் போட முடிவது இன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

சரி, ஆர்ம்? விண்டோஸ் போட்ட ஆர்ம் மடிக்கணினிகள் 2024 நடுவில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு புதுத் தெம்பாக வந்தன. பேட்டரி நிற்பது உண்மைதான். எக்ஸ்86க்கு எழுதிய நிரல்களையும் அவை உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் டிரைவர்களை அப்படி மொழிபெயர்க்க முடியாது. கோயில் திருவிழா அழைப்பிதழ் அடிக்கும் அச்சகக்காரர் ஒருவர் ஆசையாக ஒன்று வாங்கிவிட்டார். அவருடைய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் யுஎஸ்பியில் செருகும் ஒரு சாவி இருந்தால்தான் திறக்கும். சாவிக்கு ஆர்ம் டிரைவர் இல்லை. பெரிய பிரிண்டருக்கும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த இருபது ஆண்டுக் கோப்புகள் அவரிடம் இருக்கின்றன. அந்தக் கணினி எவ்வளவு வேகம் என்பது அவருக்கு எதற்கு? இப்போது அது மகளின் கல்லூரி வேலைக்கு ஓடுகிறது, அங்கே அருமையாகவே ஓடுகிறது. அவருக்கு ஒரு பழைய ஐ5 போதும். சிப்பின் மதிப்பு சிப்புக்குள் இல்லை, அதைச் சுற்றி நாம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதில் இருக்கிறது.

எதுவும் சேர்த்து வைக்காத மாணவனுக்கு இந்தத் தடையே இல்லை. 2022இல் அரசாங்கம் பெராந்திசிஸ்வா திட்டத்தில் குறைந்த வருமான (பி40) குடும்பத்து மாணவர்களுக்குக் கொடுத்த சாம்சங் டேப் ஏ8இல் ஆர்ம் சிப்தான் இருக்கிறது. எந்த மாணவனும் அது எந்தக் குடும்பம் என்று கேட்கவில்லை; கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

வீட்டுக் கணக்கில் ஐந்து வெள்ளியாக இருக்கும் மின்சாரம், கூலாயில் வேறு கணக்கு. எங்கள் ஊர் ரயில் பாதையிலேயே தெற்கே போனால் வருகிற ஊர் அது. அங்கே ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைப்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய மையங்களுக்கான என்விடியாவின் ஜிபி200 அடுக்கு ஒன்றில் 72 ஜிபியூக்களோடு 36 கிரேஸ் சிப்கள் இருக்கும். கிரேஸ் ஆர்ம் குடும்பம். ஒரு சிப்புக்குப் பத்து வாட் மிச்சம் என்றாலும் அங்கே அது பெரும் பணம். அமேசான் 2018இலிருந்து தன் தரவு மையங்களுக்குக் கிராவிட்டன் என்ற ஆர்ம் சிப்பைத் தானே வடிவமைத்துக்கொள்வதும் இந்தக் கணக்கால்தான். தனக்கு வேண்டியதைத் தானே வடிவமைத்துக்கொள்ள ஆர்ம் உரிமம் இடம் கொடுக்கிறது. இன்டெலிடமோ ஏஎம்டியிடமோ செய்துவைத்த சிப்பைத்தான் வாங்க முடியும். ஆர்மின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது.

மலேசியாவும் இதற்குத்தான் பணம் போட்டிருக்கிறது. 2025 மார்ச் 5 அன்று கோலாலம்பூரில் அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுப்போம்; சிப் வடிவமைப்புகளைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கும்; 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி கிடைக்கும். இது வீண்செலவு என்று சிலர் எழுதினார்கள். ரிஸ்க்-ஃபைவ் கட்டணமில்லாமல் கிடைக்கும்போது ஏன் ஆர்மிடம் போகவேண்டும் என்று கேட்டார்கள்.

நான் இந்த ஒப்பந்தத்தின் பக்கம் நிற்கிறேன். பழைய ஐ5 கணினி ஒன்றின் ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால், சிப்பின் உலோக முதுகில் எழுத்துகள் தெரியும். மூன்றாம், நான்காம் தலைமுறைச் சிப்களில் பலவற்றில் மலேசியாவின் பெயர் பொறித்திருக்கும். இந்நாட்டில் பொருத்திச் சோதித்து அனுப்பியவை. இன்டெல் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு நெல்வயலில் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கியது. ஏஎம்டியும் அந்தக் காலத்திலேயே பினாங்குக்கு வந்தது. இளம்பெண்கள் கண் வலிக்க வலிக்க நுண்பெருக்கி பார்த்துக் கம்பி கோத்தார்கள். உலகச் சிப் பொருத்தலிலும் சோதனையிலும் சுமார் 13 விழுக்காடு இன்றும் இந்நாட்டில் நடக்கிறது. பிற்பாடு வடிவமைப்பு வேலையும் வந்தது, ஆனால் வடிவத்தின் உரிமை நம் கைக்கு வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாக மற்றவர் வரைந்ததைக் கட்டிக்கொடுத்த நாட்டுக்கு, வரையக் கற்றுக்கொள்ள 25 கோடி டாலர் அதிகமில்லை.

ரிஸ்க்-ஃபைவ் பாதை கட்டணமில்லாதது என்றாலும் உழைப்பில்லாதது இல்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் சக்தி செயலிக் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2018இல் தன் முதல் சிப்பை இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் செய்து வாங்கியது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சிப்பை அறிவித்தது. அது சண்டிகரை அடுத்த மொகாலியின் அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தது. 180 நானோமீட்டர் பழசுதான். ஆனால் ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் தேவை நம்பகம். அந்த வேலைக்கு அது போதும். அவர்களிடம் முதலில் இருந்தது ஆட்கள். ஆட்கள் போதாத நாம் ஆயத்த வடிவங்களோடு தொடங்கிக் கற்றுக்கொண்டு, பிறகு ரிஸ்க்-ஃபைவ் பக்கமும் போகலாம். சிப் வரையத் தெரிந்த பொறியாளருக்கு எந்தக் கட்டளைப் பட்டியலும் அந்நியமில்லை.

அதனால் இந்த 25 கோடி டாலரின் மதிப்பு எந்தச் சிப் குடும்பம் என்பதில் இல்லை, அந்த 10,000 பேர் யார் என்பதில் இருக்கிறது. பினாங்கிலும் சைபர்ஜெயாவிலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை எண்ணிக் கணக்குக் காட்டிவிடக் கூடாது. லாபிஸ், பெக்கோக், சாஆ பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளில் கணிதத்தில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எஸ்பிஎம் முடித்ததும் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். சிகாமட்டில் துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளை இருக்கிறது, சமூகக் கல்லூரி இருக்கிறது. சிப் வடிவமைப்பின் அடிப்படைப் பாடங்களை அங்கே கொண்டுவரப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. நல்ல ஆசிரியரும் மென்பொருள் உரிமமும் போதும். பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தினர் என்று அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை கணினி வாங்கப் போகும்போது, ரேமைக் கழற்றி மாற்ற முடியுமா, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும், நீங்கள் பயன்படுத்தும் பிரிண்டரும் மென்பொருளும் அதில் ஓடுமா என்று கேளுங்கள். பதிலை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். அது என் கடையாக இருந்தாலும் சரி.